அண்ணன் நம்பரில் பறந்த தம்பி

டிக்கெட் போடும் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விமான மைல் ஒன்றும் ரேஷன் சர்க்கரை அல்ல, குடும்பத் தலைவர் பேரில் மொத்தமாக வாங்க. பறந்த தூரத்துக்குக் கம்பெனி தரும் அந்த மைல், சீட்டில் யார் உட்கார்ந்தாரோ அவர் கணக்கில்தான் ஏறும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வில்லியனூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பாகூர் சவரிமுத்துவும் அவர் தம்பி ஆரோக்கியமும் பாரிசில் வேலை பார்த்தார்கள். அண்ணனிடம் விமானக் கம்பெனியின் கோல்டு கார்டு இருந்தது. வருடத்தில் நிறையப் பறந்தால் கோல்டு. கோல்டு என்றால் வெயிட்டிங் லிஸ்டில் முதல் இடம். சேர்ந்த மைலுக்கு இலவச டிக்கெட் தனி.

தம்பி, மெஷின் ரிப்பேருக்காக ஊர் ஊராகப் பறப்பவன். லீவு கிடைத்தால் அம்மாவிடம் ஓடி வந்துவிடுவான். அண்ணனைவிட அதிகம் பறந்தவன் அவன்தான். ஆனால் ஏர்போர்ட் கவுன்ட்டரில் அண்ணனின் கார்டு நம்பரைத்தான் கொடுப்பான்.

"அது ஏறாதுங்க. தம்பி பேர்ல தனி நம்பர் வாங்குங்க" என்று சவரிமுத்துவிடம் தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னேன்.

"இன்னாபா பேசற? நெலம், வூடு, கரண்டு எல்லாம் எம்பேர்லதான் இருக்குது. ஒரே குடும்பத்துல ரெண்டு நம்பரு இன்னாத்துக்கு?"

தம்பி அண்ணன் பேச்சைத் தட்டமாட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். ஊருக்கு வந்திருந்த சவரிமுத்து ஆபீசுக்கு ஓடி வந்தார். "அம்மாவுக்கு நெஞ்சுவலிபா. ஆஸ்பத்திரில சின்னவன் எங்க, சின்னவன் எங்கன்னு பொலம்புது. என் கார்டப் போட்டு அவன பாரீஸ்லேர்ந்து ஏத்திவுடுபா!"

மெட்ராஸ் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். எல்லா விமானமும் ஃபுல்.

"பறக்கறது கோல்டு மெம்பர் இல்லையே சார்? தம்பி பேர்ல ஒரு மைல்கூட இல்ல" என்றாள் அங்கிருந்த பெண். பேர் வேறு என்பதால் அவன் பறந்தது அண்ணனுக்கும் ஏறவில்லை. பழைய பயணங்களையாவது இப்போது தம்பி பேரில் சேர்த்துக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். கெடு தாண்டிவிட்டதாம். மற்ற கம்பெனிகளும் கைவிரித்தன. கோல்டாகியிருக்க வேண்டியவன் வெயிட்டிங் லிஸ்டின் அடியில் கிடந்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள். சவரிமுத்து என் மேஜைமேல் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து பேரும் நம்பரும் ஒருவருடையதா என்று பார்க்காமல் நான் டிக்கெட் எழுதியதில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வந்த ஆரோக்கியத்திடம், "இனிமேலாவது உன் பேர்ல ஒரு நம்பர் வாங்குடா" என்றேன்.

"இன்னாத்துக்குணா?" என்றான். "இனிமே யாரப் பாக்க வரப்போறேன்?"