மழை மாதத்தில் ஒரு பெஞ்சு

இருபத்தைந்து வருஷம் நான் காற்றின் மேல் பழி போட்டேன்.

தூத்துக்குடி உப்பளத்தில் எனக்குத் தண்ணீர் விடுகிற வேலை. கடல் தண்ணீரை வாய்க்காலிலிருந்து தெப்பம் என்கிற பெரிய தேக்கத்துக்கும், அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கும், கடைசியில் உப்பு விளைகிற பாத்திக்கும் எப்போது, எவ்வளவு திறந்துவிடுவது என்று தீர்மானிக்கிற ஆள் நான். சில வருஷம் உப்பு வெள்ளையாக, பொலபொலவென்று வரும். சில வருஷம் கசக்கும். குவித்து வைத்த அம்பாரம் ஈரம் கசிந்து அடியில் குளமாக நிற்கும். ஏன் என்று யாராவது கேட்டால், "கொண்டக் காத்து அடிச்சிட்டுல்லா" என்போம். கொண்டல் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று. மேற்கே இருந்து கச்சான் அடித்தால் நல்ல உப்பு, கொண்டல் அடித்தால் கசப்பு உப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரும் அதையே சொன்னார். உப்பை வாங்கித் தோணியில் ஏற்றுகிற வியாபாரிகளும் அதையே நம்பினார்கள். விலையைக் குறைத்துக் கேட்கும்போதுகூட அவர்கள் காற்றைத்தான் திட்டினார்கள், என்னைத் திட்டியதில்லை.

அது தப்பு என்று என் நாற்பத்து மூன்றாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஊரில் ஒரு கல்லூரி வந்திருந்தது. அங்கே ரசாயனம் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஓர் ஆனி மாதக் காலையில் ஒரு டஜன் பாட்டில்களைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் அளத்துக்கு வந்தார்.

"ஒவ்வொரு பாத்தியிலேயும் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுங்க சார்" என்றேன்.

என்னோடு வேலை பார்த்த கூட்டாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏலே, அம்மாம் பெரிய கடலு அங்கன கெடக்கு. வாத்தியாரு இங்கன வந்து பாட்டில்ல மொள்ளுதாரு பாரு" என்றான்.

நாலு நாள் கழித்து வாத்தியார் மறுபடி வந்தார். விளைகிற பாத்தியில் எண்ணெய் மாதிரிக் கனமாக நின்ற மஞ்சள் தண்ணீரைக் காட்டி, "இதை எப்போ வெளியில விடுவீங்க?" என்று கேட்டார்.

"வெளிய எதுக்கு சார் விடணும்? அதுல இன்னும் உப்பு இருக்குல்லா. அது மேலயே புதுத்தண்ணிய விடுவோம்."

"அதுல இருக்கறது வேற உப்பு, அண்ணாச்சி." சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த தூள். "நாக்குல வைங்க."

வைத்தேன். உடனே துப்பினேன். எட்டிக்காய் தோற்றுவிடும்.

"இதுல காத்து எங்கே இருக்கு?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, பாடம் நடத்துகிறவரின் கேள்விதான் அது. பிறகு வரப்பில் உட்கார்ந்து சொன்னார். கடல் தண்ணீரில் பலவகை உப்பு உண்டு. வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு போன்ற ஒன்று இறங்கும். அடுத்து நாம் தின்கிற உப்பு இறங்கும். கசப்பு மட்டும் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். பழைய தண்ணீரைக் கழிக்காமல் அதன் மேல் புதுத்தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் கசப்பு ஏறிக்கொண்டே போய் ஒருநாள் உப்போடு சேர்ந்து இறங்கிவிடும். ஈரத்தை இழுப்பதும் அந்தக் கசப்புதான். கொண்டல் ஈரத்தைக் கொண்டுவருகிறதே தவிர, கசப்பைக் கொண்டுவரவில்லை.

அன்று எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் பாத்தியிலிருந்து ஒன்றரை மைலில் இது தெரிந்த ஒரு கட்டடம் நிற்கிறது. அதன் மணிச் சத்தம் கச்சான் அடிக்கும்போது எனக்குக் கேட்கும். இருந்தும் இந்த விஷயம் ஒரு சாக்குப் பையோடு தற்செயலாக நடந்துவந்துதான் என்னிடம் சேர வேண்டியிருந்தது. இன்னும் எதையெல்லாம் நான் காற்றின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேனோ என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது, "எனக்கு இதை முழுசா படிக்கணும் சார்" என்றேன். நான் புது ஆட்களிடம் வாய் திறக்கிறவன் இல்லை. கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அதனால் இதை மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தடைகளைச் சொன்னார். கல்லூரியில் சேர எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், நான் அஞ்சாம் வகுப்பு. பாடம் இங்கிலீஷில் நடக்கும், எனக்கு அதில் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கல்லூரி ஜூனில் திறந்து மார்ச்சில் முடியும், அந்த மாதங்களில் பெரும்பாலும் நான் விடிந்ததிலிருந்து பாத்தியில் நிற்பேன்.

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் அளம் மழைத் தண்ணிக்குள்ள கெடக்கும் சார். வேலையும் கெடையாது, கூலியும் கெடையாது. அப்ப சொல்லித் தாங்க" என்றேன்.

மறுநாள் அவர் கல்லூரி விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, வரப்பிலேயே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை எனக்குத் தமிழில் சொன்னார். கோடை விடுமுறை பற்றி அதில் அரைப்பக்கம் இருந்தது. மழை என்ற சொல் எங்குமே இல்லை. தகப்பன் சோறு போட, பத்து மாதம் பெஞ்சில் உட்காரக்கூடிய பதினேழு வயதுப் பையனை மனதில் வைத்தே ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. படிப்பு அவனுக்கு மட்டும்தான் என்று தீர்மானித்தது யார் என்பதே என் கேள்வி.

மனுவை நானே எழுதினேன். மூன்று மாத மழைப் படிப்பு வேண்டும், தமிழில் வேண்டும், பள்ளிச் சான்றிதழ் கேட்கக் கூடாது. எங்கள் அளத்தில் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாலு கையெழுத்து, ரெண்டு கைநாட்டு.

கல்லூரியின் செயலாளர் ஊரில் பெரிய பஞ்சு வியாபாரி. உப்பளமும் உண்டு. நல்ல மனிதர், போனவுடன் காப்பி வரவழைத்தார். மனுவைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"என்ன வே இது? படிப்பென்ன மானாவாரிப் பயிரா, மழை பெஞ்சா வெதைக்கதுக்கு?"

இதற்கு இப்போது என்னிடம் நாலு பதில் இருக்கிறது. அப்போது காப்பியைத்தான் உறிஞ்சினேன். வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நிலையைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும், குரலைத் தணித்தார்.

"உமக்கு எதுக்கு வே படிப்பு? உமக்குத் தெரியாத உப்பா? உம்ம அனுபவம்தான் வே பெரிய காலேஜு. நம்ம பயலுவதான் உம்மகிட்ட வந்து படிக்கணும். ஒண்ணு செய்வோம். புரட்டாசியில காலேஜுல விழா வருது. உம்ம மேடையேத்தி ஒரு பட்டுச் சால்வை போத்திருவோம். என்ன சொல்லுதீரு?"

"சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுவின் மேல் அவர் காப்பி டம்ளரை வைத்திருந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பெஞ்சு கேக்கப் போன மனுசன் சால்வை வாங்கிட்டு வந்திருக்காரு. அதப் போத்திக்கிட்டுப் பாத்தியில எறங்கப் போறியளா? உப்புத்தண்ணி பட்டாச் சாயம் போயிருமே."

"பாராட்டுதாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

"வாயாலதான்" என்றாள்.

விழா சாயங்காலம் நடந்தது. மேடையில் எனக்கு ஒரு நாற்காலி. மேசைமேல் தட்டுத்தட்டாக உப்பு. கீழே நூறு பையன்களுக்கு மேல் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். செயலாளர் என்னைப் பற்றிப் பேசினார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மேதை என்றார். நான் அஞ்சு வருஷம் மிதித்தவன். கோவில்மாடு மாதிரி என்னை நிறுத்திவைத்து அலங்காரம் பண்ணுகிறார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரியாதவன் என்று சொல்லி வெளியே நிறுத்தினால் நான் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லி நிறுத்தினார்கள், நான் "சரிங்க அண்ணாச்சி" என்றேன்.

"உப்பப் பத்தி என்ன வேணாலும் இவருகிட்டக் கேளுங்க தம்பிகளா" என்று செயலாளர் முடித்தார்.

ஒரு பையன் எழுந்தான். "உப்பு சில சமயம் கசக்குதே, ஏன் ஐயா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். சால்வையை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற செயலாளர் என் காதருகே குனிந்து, "கொண்டக் காத்துன்னு சொல்லும் வே" என்றார்.

அவர் உப்பளத்திலும் காற்றின் மேல்தான் பழி!

"காத்து இல்ல" என்றேன். என் குரல் அந்தக் கூடத்தில் போய் முட்டித் திரும்பி வந்தது எனக்கே பயமாக இருந்தது. "இருவத்தஞ்சு வருசம் நானும் காத்துன்னுதான் சொன்னேன். அது தப்பு. கசப்பு தண்ணிக்குள்ளயே இருக்கு. இத அந்தா மூணாவது வரிசையில இருக்க சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் கொஞ்சந்தான் தெரியும். மிச்சம் இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு. பெரிய ஆளுன்னு சொல்லி என்னைய வெளிய அனுப்பாதிய. எனக்குச் சால்வை வேண்டாம். மழை மாசத்துல ஒரு பெஞ்சு தாங்க."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "ஏலே, மாமா நம்ம வகுப்புக்கு வாராரு, தள்ளி உக்காரு!" என்று கத்தினான். கூடமே சிரித்தது. பிறகு எங்கிருந்தோ கைதட்டல் தொடங்கிப் பெரிதாயிற்று. விரித்த சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் செயலாளர் அதை நாற்காலி முதுகில் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் அள முதலாளி கூப்பிட்டு, "பெரிய மனுசன மேடையில வச்சு அவமானப்படுத்திட்டியாமே?" என்றார். "பெஞ்சு கேட்டேன் மொதலாளி, அவ்வளவுதான்" என்றேன். ஒரு வாரம் என் வேலை நிற்குமா போகுமா என்று தெரியாமல் இருந்தது. நின்றது. கல்லூரிக் கமிட்டியிலிருந்து வாத்தியார் மூலம் ஒரு சேதி வந்தது. நாங்கள் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பாடம் கேட்கலாம்.

கூட்டாளிக்கு அதுவே போதும் என்றிருந்தது. "கெடச்சத விடாதல. காது கேட்டாப் போதாதா?"

"மழைக்கு ஒதுங்க நாம அங்க போகல" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். விழாவுக்குப் பிறகு நான் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் சனிக்கிழமை மத்தியானம், ரசாயன அறையில் வகுப்பு இல்லாத நேரம், நாங்கள் ஏழு பேரும் நனைந்த தலையோடு உள்ளே போய் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். கால் கழுவிவிட்டுத்தான் போனோம். உப்பில் வெடித்த பாதம், எவ்வளவு கழுவினாலும் அப்படித்தான் தெரியும். வாத்தியார் வந்தார், எங்களைப் பார்த்தார், கரும்பலகையைத் துடைத்தார். கடல் தண்ணீரில் என்ன என்ன இருக்கிறது என்று தமிழில் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.

பாதியில் பிரின்சிபால் வாசலில் வந்து நின்றார். "யார் இவங்க?"

"என் மாணவர்கள் சார்" என்றார் வாத்தியார். சாக்பீஸை அவர் கீழே வைக்கவில்லை. அவருக்கும் வேலை போகலாம்.

"ரிஜிஸ்டரில் பேர் இல்லையே. எழுந்து வெளியே வாங்க."

யாரும் எழவில்லை. நான் உட்கார்ந்தபடியே, "எழுதினா இருக்கும் சார்" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு, "பாடம் முடிஞ்சதும் ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனோம். இந்த ஒரு மழைக்கு மட்டும் அனுமதி, தனி ரிஜிஸ்டர், பரீட்சை உண்டா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்று பிரின்சிபால் குமாஸ்தாவிடம் சொல்லியிருந்தார். குமாஸ்தா என்னிடம் ஒரு பாரத்தைத் தள்ளினார். ஒரு வரியைப் பென்சிலால் தட்டிக் காட்டி, "தேறிய பரீட்சைன்னு இருக்கே, அதச் சும்மா விட்டுரும். உமக்கு அங்க எழுத ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் பேனாவை வாங்கி அந்த இடத்தில் 'அஞ்சாம் வகுப்பு' என்று எழுதினேன். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இடிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

"இது செல்லாது வே."

"செல்லாட்டி நீங்க அடிச்சிருங்க. நான் எழுதினத நான் அடிக்க மாட்டேன்."

அவர் பேனாவைத் திரும்ப வாங்கினார். மூடியைக் கழற்றினார். என் பின்னால் ஆறு பேர் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். மூடியைப் போட்டுவிட்டு, "அடுத்த ஆளு வாரும்" என்றார்.