பூண்டு எடுத்த பிறகு பேசிக்கலாம்

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு. வாசல்லயே நின்னா மத்தவங்க எப்படி ஏறுறது?"

ரிம்மா பாவ்லொவ்னா பூண்டுப் பற்களிடம்தான் பேசுகிறார். பெர்ம் நகரத்து டிராமில் ஆயுசில் பாதியை நடத்துநராகக் கழித்தவர். டிராம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் இன்னும் டிராமை விடவில்லை. ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்து, மண் தள்ளி, கடைசியாக மேலே பலகை போடும்போது "கதவு சாத்துறேன்" என்று அறிவிப்பும் கொடுப்பார்.

அக்டோபர் வந்துவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் இந்தத் தோட்டத்தில் அவரைக் கையில் பிடிக்க முடியாது. முட்டைக்கோஸ் வெட்டியபின் நிற்கும் அடித்தண்டுகளைப் பிடுங்கி எருக்குழியில் எறிவார். வெந்நீர்க் குளியலறையின் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவார். பாத்திமேல் பிர்ச் மரத்துச் சருகை மெத்தையாகப் பரப்புவார். பனி மூடும்வரை காற்று அந்தச் சருகை விட்டுவைக்காது. அதற்குத்தான் பலகை. பலகைக்கு அவர் கண் பக்கத்துத் தோட்டத்து வேலிக்குப் போகும்.

"குஸ்மிச், உன் வேலியில ஒரு பலகை ஆடுது பாரு."

"அது தானா ஆடல, பாவ்லொவ்னா. தெனம் வந்து நீ ஆட்டிப் பாக்குற."

பாத்தி மூடும் காலத்தில் வருடா வருடம் அவர் சொல்வது ஒன்று உண்டு: "இதோட சரி. முட்டி போயிடுச்சு. தோட்டத்த வித்துட்டு வீட்டுல கால நீட்டி உக்காரப் போறேன்." குஸ்மிச்சும் ஒவ்வொரு வருடமும் "சரி" என்பார். இந்த முறை மகள் லரீசா அதைக் காதில் போட்டுக்கொண்டதுதான் வினையாகப் போனது. 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையில் பெரிதாக எழுதி எடுத்துவந்து, கேட்டில் ஆணி அடித்துவிட்டாள். அதைப் படித்து ஓர் இளைஞரும் வந்துவிட்டார். இன்றைக்கு முடித்துவிடுவதாகப் பேச்சு.

பாவ்லொவ்னா நடிக்கவில்லை. ரயிலடியிலிருந்து நடந்து வருவதற்குள் முட்டி உயிரை எடுக்கிறது. விற்க நினைத்ததும் உண்மைதான். ஆனால் தோட்டம் கைவிட்டுப் போனால், பனிக்காலம் முழுக்க நாலு சுவருக்குள் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது என்று நினைத்தால் அவருக்குப் பயமாக இருந்தது. அதை மகளிடம் சொல்லக் கூச்சம். அதனால் காலையிலேயே வந்து பூண்டு ஊன்றிவிட்டார்.

வந்த இளைஞர் நல்ல பிள்ளை. பேரம் பேசவில்லை. வராந்தாவில் கோட்டைக் கழற்றாமல் தேநீர் குடித்தார், ராஸ்பெர்ரி ஜாமை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நீங்க எப்ப வேணாலும் வந்து உக்காரலாம், ரிம்மா பாவ்லொவ்னா" என்றுகூடச் சொன்னார். பிறகு பாத்திகளைக் காட்டினார்.

"இங்கெல்லாம் புல்லு போட்டுடுவேன். அந்த மூலையில கறி சுடுற அடுப்பு."

"அங்க பூண்டு இருக்கு."

"எங்க? ஒண்ணும் தெரியலையே."

"இப்ப எப்படித் தெரியும்? காலையிலதான வச்சேன்."

லரீசா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா! விக்கப்போற தோட்டத்துல யாராவது பூண்டு ஊனுவாங்களா?"

"பாத்திய சும்மா போட்டு வைக்கச் சொல்றியாடி?"

"பூண்டுதான? கடையில வாங்கிக்கலாம்" என்றார் இளைஞர், சமாதானமாக.

பாவ்லொவ்னா கோப்பையைக் கீழே வைத்தார். டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பார்க்கும் அந்தப் பழைய பார்வை வந்தது.

"தம்பி, நீங்க தங்கமான புள்ள. ஜூலையில வாங்க. பூண்டு எடுத்த பெறகு பேசிக்கலாம்."

"ஜூலையில வெள்ளரி காய்க்குமே" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குஸ்மிச் எடுத்துக்கொடுத்தார். "அப்புறம் முட்டைக்கோஸ். அது முடிஞ்சா மறுபடி பூண்டு."

"ஒன்ன யாரு கேட்டா?"

இளைஞர் சிரித்தபடி எழுந்துகொண்டார். லரீசா சிரிக்கவில்லை. அவரை வழியனுப்ப ரயிலடிவரை போனாள், அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காற்று எழுந்தது. பாத்தியின் ஓரத்துச் சருகு ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியது.

"குஸ்மிச், ஆணி புடுங்குற சுத்தியல் இருக்கா?"

"என் வேலிய விட்டுரு, பாவ்லொவ்னா."

"ஒன் வேலி யாருக்கு வேணும்? குடு."

சுத்தியலோடு கேட்டுக்குப் போனார். திரும்பி வந்து, முட்டியைத் திட்டிக்கொண்டே குனிந்தார். "கதவு சாத்துறேன்" என்று உள்ளே இருப்பவர்களுக்கு அறிவித்துவிட்டு, லரீசாவின் பலகையை எழுத்து கீழே இருக்கும்படி சருகின்மேல் கவிழ்த்து, நகராமல் இருக்க ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தார்.