சுலோசனாவும் நல்ல கிருமியும்

கல்கத்தா பெஹாலாவில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள் ஷியாமளாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே உட்காருவார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் முன்வரிசையிலிருந்த சுலோசனா தாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அங்க ஃபேன் காத்து தொண்டைக்கு ஆகலைடி" என்று ஷியாமளாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்று கரண்டே இல்லை என்பது ஷியாமளாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சுலோசனா ஷியாமளா வீட்டுக்கு மேல் மாடிக்காரி. துறைமுக ஆபீஸ் கோவிந்தராஜனைக் கட்டிக்கொண்டு தொண்ணூறில் கல்கத்தா வந்தவள். மீன் வாங்காமலேயே மீன்காரனிடம் பெங்காலி கற்றுக்கொண்டவள். பேசாமல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள்.

ஷியாமளாவோ பேச்சையே குறைத்துவிட்டிருந்தாள். ஈறில் ரத்தம், வாயில் நாற்றம். வருஷா வருஷம் தையில் நடக்கும் ராதா கல்யாண உற்சவத்தில் முதல் பாட்டு எப்போதும் அவளுடையதுதான். இரண்டு வருஷமாக உதட்டை மட்டும் அசைக்கிறாள். இந்தத் தை மாதமாவது பாடிவிட வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"என் பல்லைக் காட்டணும், துணைக்கு வா" என்று சுலோசனா அவளை ஜாதவ்பூருக்கு அழைத்துப்போனாள். பல் டாக்டர் மேக்னா இருவர் வாயையும் பார்த்தாள். ஷியாமளாவின் ஈறைச் சில தடவை வரவழைத்துச் சுத்தம் செய்தாள். பிறகு ஒரு மாத்திரை கொடுத்தாள். தயிரில் இருப்பதுபோல நல்ல கிருமி இதில் இருக்கிறது, வாயிலேயே மெல்லக் கரையட்டும், ஆனாலும் பல் தேய்ப்பதை விடக்கூடாது என்றாள்.

சுத்தம் செய்ததில் ரத்தம் நின்றது. நாற்றம் மட்டும் முழுசாகப் போகவில்லை. ஒரு சாயங்காலம் சுலோசனா கீழே வந்தபோது, ஷியாமளா மாத்திரையைப் போட்டு, உதட்டில் படாமல் சொம்பைத் தூக்கி மடமடவென்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"முழுங்கிட்டியா?"

"பின்னே? விளக்கேத்தற வேளை. சப்பினா எச்சில் இல்லையா?"

"ஈறு உனக்கு வாயில இருக்கா, வயத்துல இருக்கா? ராத்திரி பெருமாள் அறைக் கதவைச் சாத்தினப்புறம் சப்பேன். அவர் என்ன, எட்டியா பாக்கப்போறார்?"

"பழக்கதோஷம் மாமி. என்னையறியாம முழுங்கிடுவேன்."

"அப்போ நானும் போட்டுக்கறேன். முதல்ல வாயைத் திறக்கறவ தோத்தவ."

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்து பல் தேய்த்ததும் இருவரும் பால்கனியில் எதிரெதிரே உட்காருவார்கள். சுலோசனா கண்ணாலும் கையாலும் ஊர்க்கதை அத்தனையும் சொல்வாள். ஷியாமளா சிரிப்பை அடக்கமாட்டாமல் முதுகைத் திருப்பிக்கொள்வாள். கோவிந்தராஜன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த டாக்டர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும். பதினேழு வருஷத்துல இப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைச்சதில்லை" என்பார். பதில் சொல்ல முடியாமல் சுலோசனா விரலை ஆட்டுவாள்.

தை பிறந்தது. ராதா கல்யாணத்தன்று, பஜனையில் எப்போதும் தள்ளியே உட்காரும் பத்மஜா மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருந்தாள். ஷியாமளாவின் முகத்தோடு முகம் வைத்து, அவள் புத்தகத்தைப் பார்த்துப் தொடக்க நாமாவளிக்குப் பின்பாட்டுப் பாடினாள், முகத்தைச் சுளிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஷியாமளாவின் குரல் திறந்தது. முதல் பாட்டைக் கூடம் நிறையப் பாடினாள்.

மறு வருஷம் கோவிந்தராஜன் விருப்ப ஓய்வு பெற்று இருவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். ஹௌராவில் வண்டி நகரும்போது சுலோசனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் கூட இல்லேன்னு குரலைத் தழைச்சுடாதே. அங்க கேக்கறமாதிரி பாடு."