பதினோராவது வீட்டு பல்பு

போன செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டி ஒரு தெரு. பதினோரு வீடுகள். பதினொன்றிலும் பூட்டு. தெருவில் உயிருள்ளவை மூன்றே மூன்று – நான், எங்கள் லைன்மேன் செல்லத்துரை அண்ணன், கட்டிப்போட்ட ஓர் ஆடு.

தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைச் சொருகிவிட்டு அண்ணன் கையை ஆட்டினார். நான் முதல் வீட்டுக் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான்... ஆனால் அன்றைக்கு அது அரசாங்க வேலை!

உள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

இரண்டாவது வீட்டுக்கு ஓடினேன். எரிகிறது. மூன்றாவது – எரிகிறது. நான்கு, ஐந்து, ஆறு... ஆளில்லாத வீடுகளுக்குள் பட்டப்பகலில் வரிசையாக பல்புகள்! இன்றைக்குத்தான் கரண்ட் வரும் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? காலையில் வேலைக்குப் போகும்போதே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பத்து வீடு ஆயிற்று. பதினோராவது கதவில் கண்ணை வைத்தேன்.

இருட்டு.

இந்தத் தெருவில் நான் முக்கியமாக எரிய வேண்டும் என்று நினைத்ததே அந்த வீட்டு பல்புதான். ஏன் என்று சொல்ல, இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். 'நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நினைப்பு மனிதர்களுக்கு எங்கிருந்து வருகிறது? நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவீர்களே, இதற்கும் ஒன்று போடுங்களேன்' என்று. கிண்டலா, உண்மையா தெரியவில்லை. நான் போட்டுவிட்டேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எலக்ட்ரிகல் படித்தவளுக்குப் பட்டியல் போடச் சொல்லித் தரவேண்டுமா?

கோயில் வாசல். பரீட்சை ரிசல்ட் வருகிற நாள். போடிமெட்டுப் பக்கம் கூடுகிற மேகம். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த அன்று அல்வாக் கடையில் நிற்கும் கூட்டம்... இப்படி எட்டு வரி வந்தது. ஒன்பதாவது வரியை எண் மட்டும் போட்டுக் காலியாக விட்டேன். ஒரு காலி வரிகூட இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

அந்த வாரம்தான் பேச்சியக்கா எங்கள் மின்வாரிய ஆபீசுக்கு வந்தார்.

நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துணி மூட்டை. தயங்கி நிற்கிற ஆள் இல்லை – நேராக என் மேஜைக்கு வந்து, துணியைப் பிரித்து, ஒரு பல்பை எடுத்து வைத்தார். நாற்பது வாட். பளபளவென்று துடைத்திருந்தது.

"ஓவர்சீரம்மா, இத வாங்கி மாட்டி மூணு வருசமாச்சு. எரியாம இருந்தே கெட்டுப் போயிருக்குமா?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. என்ன படித்தேனோ அதில் இந்தக் கேள்வி இல்லை. எரிந்து கெட்டுப்போகிற பல்பு தெரியும். எரியாமலே கெட்டுப்போகுமா? சுவரில் இருந்த ஹோல்டரில் மாட்டி சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. பேச்சியக்கா முகத்தில் அதைவிடப் பெரிய வெளிச்சம்.

"எரியுதுல்ல... போதும், கழட்டிரு ஆத்தா. தீந்துறப் போகுது."

சிரித்துக்கொண்டே விசாரித்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ 'உங்கள் தெருவுக்கும் லைன் வருகிறது' என்றார்களாம். மறுவாரமே ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டுக்கு வயரிங் செய்துவிட்டார். சுவிட்ச், ஹோல்டர், பல்பு எல்லாம் தயார். இவரைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு... பதினோரு வீட்டிலும் வயரிங் முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கரண்ட்!

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். என் சிரிப்பு நின்றது.

அந்தத் தெருவுக்கு சர்வே எடுத்தவள் நான். காலை பதினோரு மணிக்குப் போனேன். எல்லா வீட்டிலும் பூட்டு. அழகான கையெழுத்தில் முதல் வரியில் 'ஆள் குடியிருப்பு இல்லை' என்று எழுதி, கீழே பத்து வரிக்கும் 'மேற்படி, மேற்படி' என்று இறக்கிவிட்டு வந்தேன். லைன் அந்தத் தெருவுக்கு முன்னால் இருக்கிற ரைஸ்மில்லோடு நின்றுவிட்டது.

போடிக்காரர்கள் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. இந்தப் பக்கம் பாதி ஊர் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி, பொழுது சாய இறங்குகிறது. பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் ஆடுதான் பதில் சொல்லும். தினமும் ஆபீசுக்கு வரும் வழியில் அந்த ஜீப்புகளைப் பார்க்கிறவள்தானே நான்? பார்த்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை.

பேச்சியக்காவிடம் அங்கேயே ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பல்பைத் துணியில் சுற்றிக்கொண்டே, ஆள் இருக்கா இல்லையான்னு ஆட்டுக்கிட்ட கேட்டிருக்கலாமே என்றார். அவ்வளவுதான்.

எங்கள் அதிகாரி அன்று மாலை ஏழு மணிக்குத்தான் லைன் வேலை முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். புது லைன்களுக்கான ஃபைல் மறுநாள் மாலை ஐந்து மணி பஸ்ஸில் மதுரைக்குப் போகிறது. அதற்குள் பதினோரு வீட்டுக்காரர்களையும் நேரில் பார்த்து, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி வந்தால் சேர்க்கலாம். ஒன்று குறைந்தாலும் தெருவுக்குக் கம்பம் போட முடியாது. விட்டால்? அடுத்த ஒதுக்கீடு எப்போது என்று அவருக்கே தெரியாது. அந்த பல்பு இன்னும் எத்தனை வருடம் துடைக்கப்படுமோ!

பேச்சியக்கா கிளம்பும்போதே யோசனை சொல்லியிருந்தார். காலை ஐந்தரைக்கு ரோட்டுக்கு வந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

என் திட்டம் தயார். ஐந்தரைக்குக் கையெழுத்து. ஏழு மணி பஸ். எட்டு மணிக்கு வீட்டில் இட்லி. பத்து மணிக்கு ஃபைல் அதிகாரியின் மேஜையில். எவ்வளவு சுத்தமான பட்டியல்!

ஐந்தரைக்குப் போனால் ஏழு வீட்டுக்காரர்கள்தான் இருந்தார்கள். மீதி நான்கு வீட்டில், வீடு யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆண்கள் மலையிலேயே தங்கல். சனிக்கிழமைதான் இறங்குவார்களாம். ஏழு பேரிடமும் வாங்கி முடித்தபோது ஜீப்பு வந்து நின்றது. நானும் மலை ஏற வேண்டியதுதான்.

கங்காணி முன்சீட்டிலிருந்து இறங்கி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஏலப்பழம் கம்மியாம். இன்றைக்குப் பதினைந்து ஆள் போதுமாம். விரலை நீட்டி எண்ணினார். பதினைந்தாவது ஆளோடு விரல் நின்றது. இன்னும் ஆறு பேர் மிச்சம். அதில் ஒருவர் பேச்சியக்கா.

யாரும் சண்டை போடவில்லை. யாரும் மூக்கைச் சிந்தவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டார்கள். ஆறு பேர் கையிலும் மூடிபோட்ட தூக்குச்சட்டி. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலை உண்டா இல்லையான்னு தெரியாமலேயா அக்கா தினமும் சோறு கட்டிக்கிட்டு வர்றீங்க?"

பேச்சியக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"சோலி இருக்குன்னு தெரிஞ்ச பெறகா அடுப்பப் பத்த வைக்க முடியும்? சட்டி இல்லாம நிக்கிறவள கங்காணி ஏறெடுத்துப் பாப்பானா? வேடிக்கை பாக்க வந்தவன்னுல்ல நெனப்பான்." பிறகு என் கைகளைப் பார்த்தார். "ஒஞ் சட்டி எங்க ஆத்தா?"

என் கையில் விண்ணப்பங்கள், மைப்பெட்டி, பேனா இரண்டு. சாப்பாடு இல்லை. எட்டு மணிக்கு இட்லி என்றல்லவா எழுதியிருந்தேன்!

"நல்லாத்தான் கெளம்பி வந்த. இந்தா, இதக் கொண்டு போ. நான் வீட்டுக்குப் போயி வேற பொங்கிக்கிர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் தரவில்லை. நான் ஏறி உட்காரும்போதே சட்டி என் மடிக்கு வந்துவிட்டது, ஜீப்பு கிளம்பிவிட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பத்தி எழுதலாம். பின்னால் மட்டும் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன். யாருடைய கால் எங்கே முடிகிறது என்று தெரியாததால் கைவிட்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒருமுறை எல்லாரும் என்மேல், அடுத்த வளைவில் நான் எல்லார்மேலும். விண்ணப்பங்களை ஒரு பாட்டில் தண்ணீரிடமிருந்தும் இரண்டு வெற்றிலைப் பைகளிடமிருந்தும் காப்பாற்றினேன். அந்த ஆட்டத்திலும் அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். கரண்ட் வந்தால் முதலில் என்ன வாங்குவது என்று. ஃபேன் என்றார் ஒருவர். ரேடியோ என்றார் இன்னொருவர். மூலையில் இருந்த ஒரு பெண், பகலெல்லாம் நாம மலையில இருப்போம், உன் ஆட்டுக்கு ரேடியோவா என்றார். ஜீப்பே குலுங்கியது. அது வளைவினாலா, சிரிப்பினாலா?

மலையில் மூன்று பேர் ஒன்பது மணிக்கே கிடைத்துவிட்டார்கள். நான்காவது ஆள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு வெட்ட மேலே போயிருந்தார். எஸ்டேட் கணக்குப்பிள்ளை எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்தார். பத்து ஆயிற்று. பதினொன்று. பன்னிரண்டு. ஐந்து மணி பஸ் என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்குப் பசி பொறுக்காமல் சட்டியைத் திறந்தேன். ஆறிப்போன சோறு, கொள்ளுத் துவையல், ஒரு பச்சை மிளகாய். அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. பாதிச் சட்டி காலியானபோது அந்த நான்காவது மனிதர் தோளில் கோடாரியோடு இறங்கி வந்தார். ஓடிப் போய் நீட்டினேன். மை தொட்டு விரலை வைத்தார். விறகுக் கறையில் ரேகை விழவில்லை. சோப்பு, தண்ணீர், மறுபடி மை. மூன்றாவது தடவை விழுந்தது.

இறங்குகிற சரக்கு ஜீப்பில், மூட்டைகளுக்கு நடுவில், நானும் ஒரு லோடாக போடி வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். எங்கள் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். ஒன்றில் வெற்றிலைக் கறை. ஒன்றில் கொள்ளுத் துவையல் – அது என்னுடையது. முதல் சர்வே யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். பேனா மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கம்பம் வந்தது, கம்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீடுகளுக்கு சர்வீஸ் இழுத்தோம். செவ்வாய்க்கிழமை ஃபியூஸ் போட்டோம். பத்து வீடு வெளிச்சம்... பேச்சியக்கா வீடு இருட்டு.

இப்போது புரிகிறதா நான் ஏன் அந்த பல்பைத் தேடினேன் என்று? மூன்று வருடம் துடைத்த பல்பு. என் ஹோல்டரில் எரிந்த பல்பு. கம்பியில் கோளாறா? நானே அவசரப்பட்டு எரித்துப் பார்த்ததில் கெட்டுவிட்டதா? அண்ணன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, வீடு வரைக்கும் கரண்ட் இருக்கிறது என்றார். மேலே சோதிக்க வீட்டில் ஆள் வேண்டும். ஆள் மலையில்.

காத்திருந்தோம். ஆறு மணிக்கு ஜீப்பு வந்தது. கதவிடுக்கு வெளிச்சங்களைப் பார்த்ததும் தெருவே ஓடியது. பேச்சியக்கா மட்டும் ஆடி அசைந்து வந்தார். நான் எதிரே போய், அக்கா, உங்கள் பல்பு மட்டும் எரியவில்லை என்றேன். 

"எப்படி எரியும்? சுவிட்ச அமத்திட்டுல்ல போனேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். சட்டியை ஓரமாக வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

எரிந்தது.

அந்த ஒரு அறை முழுக்கத் தெரிந்தது – அடுக்குப் பானை, சுருட்டிய பாய், சுவரில் மாட்டிய கண்ணாடி, அதில் நாங்கள் இருவரும். ஊரே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனபோது நீங்கள் மட்டும் ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அவளுகளுக்குச் சந்தேகம், ஆத்தா. வந்தாலும் வரும்னு போட்டு வச்சிட்டுப் போனாளுக. எனக்கு என்ன சந்தேகம்? அது பாட்டுக்கு வரட்டும், வந்து போட்டுக்கிருவோம்னு அமத்திட்டுப் போனேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பட்டியலை எடுத்து ஒன்பதாவது வரியை நிரப்பினேன். தூக்குச்சட்டி. மற்ற எட்டும் நாம் போய்த் தேடுகிற இடங்கள். இது மட்டும் விடிவதற்கு முன்பே அடுப்பேற்றி, மூடி போட்டு, கையில் எடுத்துக்கொண்டு வருவது. எங்கிருந்து வருகிறது என்று கேட்ட வாசகிக்கு என் பதில் – ரெடிமேடாகக் கிடைக்காது அம்மா, தினமும் பொங்க வேண்டும்.

மறுநாள் தேவாரம் பக்கம் ஒரு புது சர்வே. பையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினேன் – காலை ஐந்து மணிக்கு!