யோர்தானின் அகலம்

ஆரின் ஹாஸ்கெட் முதலில் இடிதாங்கி விற்றுக்கொண்டிருந்தான். கான்சாஸில் அந்தத் தொழிலுக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. அவனுக்கு முன்னால் வந்தவர்கள் வெறும் இரும்புக் கம்பிக்குச் செம்புப் பூச்சு பூசிக் கொடுத்து ஊர் ஊராக ஏமாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பாவமெல்லாம் இவன் தலையில் விடிந்தது. வாசலுக்குப் போனால் முதலில் நாய் வரும், அதன் பின்னாலேயே வீட்டுக்காரர் வருவார், இரண்டு பேருக்கும் முகம் ஒரே மாதிரி இருக்கும். ஆறு வருடம் இதைச் சகித்துவிட்டு, முப்பத்தெட்டாம் வயதில் இரட்டைப் படத் தொழிலுக்கு மாறினான். ஏன் மாறினாய் என்று யாராவது கேட்டால், "எடை கம்மி" என்பான்.

அதுவும் பொய்யில்லை. ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் பிடித்து, ஓர் அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று உண்டு. அதை முகத்தில் பொருத்தி, அட்டையை அதன் முன்னால் செருகிப் பார்த்தால் இரண்டு படமும் ஒன்றாகிவிடும். மரம் முன்னால் வந்து நிற்கும், மலை பின்னால் போய்விடும். நூறு அட்டைகள் கொண்ட பெட்டி புத்தகம் மாதிரி இருக்கும். நயாகரா, ஆல்ப்ஸ், ரோமாபுரி, புனித பூமி என்று எல்லாவற்றையும் ஒரு குதிரைவண்டி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

படக் கம்பெனிக்காரர்கள் குளிர்காலத்தில் ஒரு ஓட்டல் கூடத்தில் உட்காரவைத்து விற்பனைப் பேச்சை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். கோடை விடுமுறையில் விற்று, அடுத்த வருடப் படிப்புக்குச் சம்பாதிப்பவர்கள். நடுவில் இவன் மட்டும் நரை விழுந்த மீசையோடு உட்கார்ந்திருந்தான். அங்கே சொல்லிக்கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் அவனுக்கு உபயோகப்பட்டன. ஒன்று, படத்தை ஆளின் கையில் கொடுக்காதே, கண்ணில் கொடு. இன்னொன்று, ஊரில் முதலில் போதகரைப் பிடி. போதகர் வாங்கினால் மந்தை தானாக வரும்.

ஹோப்வெல் என்ற ஊரில் போதகர் பிடிபடவில்லை. டன்னிங் என்று பெயர், அறுபதைத் தாண்டியவர், ஒல்லியாக, உயரமாக இருப்பார். "எங்கிட்ட வேதப் புத்தகம் இருக்கு தம்பி, அதுல படம் வேண்டியதில்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். அந்தக் கோடையில் அங்கே வாங்கியவர் ஒரே ஒருவர்தான். கோதுமை விவசாயி நேதன் வீலக். மழைக்கு அவர் கொட்டகையில் ஆரின் ஒதுங்கப்போய், மழை விடாமல் பெய்து, வேறு வேலையில்லாமல் அவர் படம் பார்த்தார். பார்த்தவர் புனித பூமிப் பெட்டி முழுவதையும் வாங்கிவிட்டார். அறுவடை முடிந்ததும் ஆரின் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஜூனில் திரும்ப வந்தான். வீலக் போதகரின் சபையில் மூப்பர், பொறுப்பில் இருப்பவர். அவர் பெயரைச் சொன்னால் நாலு கதவு திறக்கும் என்பது கணக்கு. முதல் வீட்டில் பெயரைச் சொன்னான், கதவு சாத்தப்பட்டது. இரண்டாம் வீட்டில் ஓர் அம்மாள், "அந்த மனுஷன் பேரை இந்த வாசல்ல சொல்லாத" என்றாள். மூன்றாம் வீட்டில் பேரைச் சொல்லாமலே பார்த்தான். கையில் கண்ணாடியைக் கண்டதும் வீட்டுக்காரர் சிரித்தார். "ஓ, சிகாகோவுல கொட்டாய் போட்டு எடுத்த யோர்தானா? போய்யா" என்றார்.

ஒன்றும் புரியாமல் வீலக் வீட்டுக்கே வண்டியைத் திருப்பினான். போன வருடமும் அங்கேதான் தங்கினான். நேதனின் மனைவி லவீனா சோளரொட்டியும் பன்றிக்கறியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களால இங்க சபை ரெண்டாப் போச்சு, ஹாஸ்கெட்" என்றாள்.

"நான் என்னம்மா பண்ணேன்?"

"மார்ச் மாசம் போதகர் பிரசங்கம் பண்ணிட்டு இருக்காரு. 'யோர்தான் ஆறு சமுத்திரம் மாதிரி விரிஞ்சு கெடந்தது, கடவுள் அதைப் பொளந்து வழி விடறவரைக்கும் இஸ்ரவேலர் நடுங்கிப்போனாங்க'ங்கறாரு. எங்க வீட்டுக்காரரு எழுந்து நிக்கறாரு. 'நான் பாத்திருக்கேன் ஐயா, நம்ம சாலமன் ஆத்தைவிடப் பெருசில்ல'ங்கறாரு."

"பிரசங்கத்துக்கு நடுவுலயா?"

"நடுவுலதான். எனக்கு பெஞ்சுக்கடியில நுழைஞ்சிடலாம் போல இருந்துச்சு."

அன்றிலிருந்து பாதிச் சபை நேதன் பக்கம், பாதி போதகர் பக்கம். இதில் பழைய புகைச்சல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. போதகர் வேதபாடம் வாசிக்கும்போது வரிகளை விடுகிறார், எதிரில் வருகிறவர்களுக்குத் தலையாட்டாமல் போகிறார், வயதாகிவிட்டது, சின்னவர் யாரையாவது அனுப்பச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாமா என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். லவீனா இதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதற்குள் நேதன் உள்ளே வந்துவிட்டார்.

"வந்துட்டியாய்யா! நாளைக்கு ஜெபக்கூட்டம். நீ வர்ற, எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்ற."

"நான் யோர்தானைப் பாத்ததில்லீங்களே."

"நீதானே வித்த?"

மறுநாள் சாயங்காலம் ஆலயத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஜெபிக்க வந்த கூட்டம் இல்லை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நன்றாக அடித்தது. படம் பார்க்கத் தோதான வெளிச்சம். போதகர் டன்னிங் கோபம் காட்டவில்லை. ஆரினை முன்னால் அழைத்துக் கேட்டார்.

"ஹாஸ்கெட், நீங்க புனித பூமிக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா. ஒஹாயோவைத் தாண்டினதில்ல."

கூட்டம் சிரித்தது. "அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றார் போதகர். பிறகு நேதன் பக்கம் திரும்பினார். "அறுப்புக் காலத்துல யோர்தான் கரைபுரண்டு ஓடும்னு யோசுவா புத்தகத்துல இருக்கே, நேதன். படம் வறண்ட காலத்துல எடுத்ததா இருக்கலாமே?"

"கரைபுரண்டா நம்ம சாலமனுந்தான் புரளுது ஐயா. போன வருஷம் என் கன்னுக்குட்டிய அடிச்சிட்டுப் போச்சு. அதுக்காக யாரும் வந்து அதைப் பொளந்து வழி விடல."

சிரிப்பு இந்த முறை பெரிதாக எழுந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "எல்லாரும் பேசுறதுக்குப் பதிலா ஐயா ஒரு தடவ பாத்துடட்டுமே" என்றது. அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நேதன் தன் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். ஆரின் தன் கண்ணாடியில் அதைச் செருகினான். முதலில் நேதன் பார்த்து, "இதோ, அப்படியே நிக்குது" என்றார். கொல்லர் பிரைஸ் பார்த்தார். போதகர் பக்கத்து ஆள்தான், இருந்தாலும் பார்த்ததும் "அட!" என்று வாய்விட்டுவிட்டார். பிறகு கண்ணாடி போதகர் கைக்குப் போனது.

படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் ஆரினின் பிழைப்பு. காட்சி எழும்பி நிற்கும் கணத்தில் மனிதர்களுக்கு வாய் லேசாகத் திறக்கும், சும்மா இருக்கும் கை தானாக முன்னால் நீளும். பேங்க் மேனேஜருக்கும் நீளும், கூலியாளுக்கும் நீளும். போதகரின் கை நீளவில்லை. அட்டையை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார்.

"தட்டையா இருக்கே" என்றார். "நாள்காட்டிப் படம் மாதிரி. இதுக்கா இவ்வளவு ரகளை?"

"கரையில ஒரு படகு இருக்குமே ஐயா, அது முன்னால வந்து நிக்கலயா?" என்றார் கொல்லர்.

"எங்க முன்னால?"

போதகர் கண்ணாடியை இறக்கியபோது ஜன்னல் வெயில் அவர் முகத்தில் பட்டது. ஆரின் மிக அருகில் நின்றிருந்தான். இடது கண்ணில் பால் ஆடை மாதிரி ஒரு படலம். இரண்டு கண்ணும் வேலை செய்தால்தான் படம் எழும்பும். தட்டையாக இருக்கிறது என்று சொன்னவர்களை அவன் முன்பும் சந்தித்திருக்கிறான். அவர்களுக்கு ஒரு கண் போயிருக்கும், பாதிப் பேருக்கு அது தெரிந்தே இருக்காது.

கொல்லர் முகத்தைச் சுருக்கி, "ஐயா, உங்க கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

ஆரின் எட்டிக் கண்ணாடியை வாங்கிவிட்டான். காதருகே வைத்து ஆட்டினான். "மன்னிக்கணும் ஐயா. இடதுபக்கக் கண்ணாடி கழண்டு போயிருக்கு. வண்டி குலுங்கினதுல ஆயிருக்கும்."

"என்னது!" நேதன் எழுந்துவிட்டார். "இப்பத்தானேய்யா நான் பாத்தேன்! நல்லாத்தானே இருந்துச்சு!"

"கை மாறினப்ப கழண்டிருக்கும்ங்க."

"கை மாறினா கழண்டுடுமா? இதைத்தான் ஊரூரா விக்கறியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை முழுக்க ஆரின் மேல். போதகர் சிறிய ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது நேதன் பாதி வழியில் பொங்கினார். "என் மூஞ்சியில கரியப் பூசிட்டியே! மூணு மாசமா நான் முன்னால நின்னு சண்டை போட்டேன் உன் படத்துக்காக. கழண்டு போச்சாம்! எங்க, காட்டு பாக்கலாம்!"

ஆரின் காட்டவில்லை. லவீனா அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தது.

"காலையில கிளம்பிடு" என்றார் நேதன்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஆரினுக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் இரக்ககுணத்துக்குப் பேர்போனவன் இல்லை. இடிதாங்கி விற்ற நாளில், இடி விழுந்து செத்த மாடுகளின் கதையை விதவைகளிடம் சொல்லியே விற்றவன். வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் இந்தப் பக்கத்து வியாபாரம் மொத்தமும் போச்சு என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

காலையில் சாலமன் ஆற்றுத் துறையில் போதகரின் வண்டி நின்றிருந்தது. குதிரையை மரத்தில் கட்டிவிட்டுக் கரையில் காத்திருந்தார்.

"கழண்டுதா, ஹாஸ்கெட்?"

"இல்லீங்க ஐயா."

"நெனச்சேன்."

"ஒரு கையால வலது கண்ணை மூடிப் பாத்தீங்கன்னா..."

"வேணாம். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். வீட்டுல அவளுக்கும் தெரியும். வலது கண்ணு இன்னும் ஊழியம் பண்ணிட்டு இருக்கு. அதுவும் இப்ப முணுமுணுக்க ஆரம்பிச்சிடுச்சு." ஆரின் பக்கம் திரும்பினார். "ஆலயத்துக்குள்ள நின்னு பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்கய்யா. மன்னிப்பை உங்ககிட்டக் கேக்கணுமா, மேலயே கேக்கணுமா?"

"எனக்காகச் சொன்ன பொய்ய நானே மன்னிச்சா நல்லாவா இருக்கும்? மேலயே கேளுங்க." போதகர் சிரித்தார். பிறகு, கேட்கத்தான் வந்தவர் மாதிரி, தயங்கிக் கேட்டார். "ரெண்டு கண்ணு உள்ளவனுக்கு அது எப்பிடித் தெரியும்?"

ஆரினுக்குக் கம்பெனி கொடுத்த பேச்சு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை. "முன்னால ஒரு படகு ஐயா. அதோட கயிறு தண்ணிக்கு மேல தொங்குது, கயிறுக்குக் கீழ கை விட்டுடலாம் போல இருக்கும். படகுக்காரன் கால் சேத்துல இருக்கு. நாணல் மூஞ்சியில இடிக்கிற மாதிரி நிக்கும். ஆறு அதுக்கு அப்பால, நமக்கும் எதிர்க் கரைக்கும் நடுவுல ஓடும்."

"அகலம்?"

"இந்தத் துறை அளவுதான் இருக்கும் ஐயா."

போதகர் எதிர்க் கரையைப் பார்த்தார். "அப்ப நேதன் சொன்னது சரி."

"அந்த எடத்துல, படம் புடிச்ச அன்னிக்கு."

"இது வியாபாரி பேச்சு" என்று சொல்லிவிட்டு, கைகொடுத்து, வண்டி ஏறினார்.

அதன் பிறகு ஆரின் ஹோப்வெல் பக்கம் போகவில்லை. தெற்கே கோதுமை நன்றாக விளைந்த இடங்களில் அந்தக் கோடையை ஓட்டினான். அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் பெலாய்ட் சந்தையில் ஊறுகாய்ப் போட்டிக்கு வந்திருந்த லவீனாவைப் பார்த்தான். நடந்ததை அவள்தான் சொன்னாள்.

"நீங்க கிளம்பிப் போன அந்த வாரமே ஞாயித்துக்கிழமை போதகர் எழுந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள். இடது கண் போய்விட்டது, கண்ணாடி கழலவில்லை, யோர்தான் தான் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை, மூன்றையும் ஒரே மூச்சில். மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றிருந்தவர்கள், இப்போதாவது எழுதலாம் என்றார்கள்.

"அப்ப இவரு எழுந்தாரு. எனக்கு திரும்பவும் பெஞ்சுக்கடியில போயிடலாம்னு ஆயிடுச்சு. 'பிரசங்கம் பண்ண வாய் போதும், வாசிக்கத்தானே கண்ணு வேணும், நான் வாசிக்கறேன்'னுட்டாரு."

"நேதனா?"

"வாரா வாரம் அவர்தான். நேபுகாத்நேச்சார்னு ஒரு பேரு வந்தா போதும், சேத்துல மாட்டின மாடுதான். போதகர் பக்கத்துல நின்னு எடுத்துக்கொடுப்பாரு."

"எம்மேல இருந்த கோவம் போச்சாம்மா?"

"அதெங்க போகும்! உங்க பேரைக் கேட்டா இன்னும் பல்லைக் கடிக்கறாரு. 'கால்ல ஒரு மிதி மிதிச்சிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல, என்னை மடையன்னா நெனச்சான்'னு."

ஆரின் அதை யோசித்துப் பார்த்து, மிதித்திருக்கலாம்தான் என்று ஒப்புக்கொண்டான். கண்ணாடியில் கோளாறில்லை என்று போதகர் வாயாலேயே வந்துவிட்டதே, இனி ஹோப்வெல்லுக்கு வரலாமா என்று கேட்டான். லவீனா உதட்டைப் பிதுக்கினாள். ஜூலையில் ஒரு கல்லூரிப் பையன் வந்து வீட்டுக்கு வீடு விற்றுவிட்டுப் போய்விட்டானாம். கொல்லர் பிரைஸ் மட்டும் இரண்டு பெட்டி வாங்கினாராம். அவள் தனக்காக ஆரினிடம் சுவிட்சர்லாந்து கேட்டாள். ஊறுகாய் ஜாடியில் போட்டு வைக்கிற அளவு மட்டும்தான் தன்னிடம் மலை பார்க்க ஆசை இருக்கிறது என்று சொல்லி, பத்து அட்டை எடுத்துக்கொண்டாள்.

டன்னிங் இன்னும் இரண்டு வருடம் அந்தச் சபையில் இருந்தார். பிறகு வலது கண்ணும் மங்கியதும் இல்லினாயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஆரின் யார் மூலமோ கேள்விப்பட்டான்.

ஆரின் 1911 வரை படம் விற்றான். அதற்குள் ஊருக்கு ஊர் அசையும் படக் கொட்டகை வந்திருந்தது. அவன் அதைக் குறைசொல்லவில்லை, முதல் வாரமே போய்ப் பார்த்தான். நெப்ராஸ்காவில் பாலேடு பிரிக்கும் இயந்திரம் விற்கப் போய், ரயிலடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹல்டா லின்ட் என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டான். சாப்பாட்டு மேசையில் யாரிடமும் எதையும் விற்கக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. மிச்சமிருந்த ரோமாபுரிப் பெட்டியை ஒருநாள் அவளுக்குக் காட்டினான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, தலை வலிக்கிறது என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் இருந்த சூப்பைப் பார்க்கப் போனாள்.