வாயால் சொல்லச் சொன்னேன்

மூன்று வருடத்துக்கு முன்னால், மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய நேரம், பெங்களூரு ஜீவனஹள்ளியில் என் தையல் கடையில் நடந்தது இது. கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்து ஒரு ஷட்டர், உள்ளே இரண்டு மிஷின், துணி வெட்ட ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. முப்பது வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் தைத்த ரவிக்கை தோளில் இறங்காது, அக்குளில் பிடிக்காது. பெருமையாகத்தான் சொல்கிறேன். இருப்பதைச் சொல்வதில் என்ன தப்பு?

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சரியாகப் படிக்க வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எண் என்றால் பயமில்லை, இன்ச்சு டேப்பில் அரை, கால், அரைக்கால் வரை விரலாலேயே சொல்வேன். எழுத்து என்றால் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். அப்போதெல்லாம் வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் இது தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

எப்படி என்று கேட்பீர்கள். துணி கொடுக்க வருகிறவர்கள் அதன்மேல் ஒரு சீட்டு எழுதி வைப்பார்கள். இடுப்பைப் பிடிக்கவும், கை நீளம் குறைக்கவும், வெள்ளிக்கிழமை வேண்டும், இப்படி. நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவேன். சீட்டைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, உதட்டை அசைத்து, தலையை ஆட்டுவேன். அப்புறம், "சீட்டு கிடக்கட்டும், காத்துல பறந்துடும். எதுக்கும் வாயால ஒருதரம் சொல்லிட்டுப் போ" என்பேன். எல்லாரும் சொல்லிவிடுவார்கள். டெய்லரம்மாவுக்கு எவ்வளவு கவனம் என்று மெச்சிக்கொண்டும் போவார்கள். முப்பது வருடத்தில் இந்தத் தந்திரம் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை.

அந்தப் பெண் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேலத்துப் பக்கம். இங்கே கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. அடுத்த தெருவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருந்தாள். ஆறு குர்தா, ஒரு பட்டு ரவிக்கை, எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினாள்.

"ஆன்ட்டி, பால் குடுக்கற டிரெஸ்ஸுன்னு ஆன்லைன்ல வாங்கினேன். போட்டா ஆஸ்பத்திரி பேஷன்ட் மாதிரி இருக்கேன். எனக்கு என் டிரெஸ்ஸுதான் வேணும். இதைப் போட்டுக்கிட்டே பால் குடுக்கணும், வெளிய தெரியவும் கூடாது. முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்களுக்கெல்லாம் ஒரு முந்தானை போதும்டி. ரெண்டு புள்ளைங்க குடிச்சுதுங்க. உனக்கு ஸ்டைலு கேக்குதா?"

"உங்க முந்தானைக்குள்ள வேர்த்துக் கொட்டி உங்க புள்ளைங்க அழலையா ஆன்ட்டி?"

அழுதார்கள்தான். கல்யாண வீட்டில், பஸ்ஸில், முந்தானைக்குள் மூச்சு முட்டி அவர்கள் காலை உதைத்ததும், யார் பார்க்கிறார்களோ என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதை அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. "வாய் இருக்குடி உனக்கு. வெச்சிட்டுப் போ" என்றேன்.

பத்து நாள் அந்தத் துணிகளோடு மல்லுக்கட்டினேன். மார்பின் மேலே நீளமாக இறங்கும் தையல் இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் பிரித்து, மூடினால் கண்ணுக்குத் தெரியாத ஜிப்பு வைத்தேன். ஜிப்பின் பல் பிள்ளையின் கன்னத்தைக் கீறக் கூடாது. அதற்காகப் பின்னால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மல் துணியை மடித்து வைத்தேன். பட்டு ரவிக்கைக்கு இந்தக் காலத்து ஸ்டைலில் முதுகில் கொக்கி. அதை முன்பக்கம் கொண்டுவந்து, மேலே ஜரிகைப் பட்டையை மடித்து மூடினேன். அவள் வந்ததும் ஒரு தலையணையை இடக்கையில் கொடுத்து, "இதான் உன் புள்ள. அழுவுது. ஒரு கையால தொற பாக்கலாம்" என்றேன். திறந்தாள். குதித்தாள்.

"ஆன்ட்டி, இன்னொண்ணு. கடைசியா எந்தப் பக்கம் குடுத்தேன்னு மறந்தே போயிடுது. தூக்கமே இல்ல, மூளை வேலை செய்யல."

உள்ளே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, சின்னதாக நூல் வளையம் போட்டேன். ஒரு குட்டி ஊக்கைக் கையில் கொடுத்து, "குடுத்த பக்கம் இதை மாட்டிக்க. அடுத்த தடவை மறுபக்கம்" என்றேன்.

ஒரு நாள் காலையில் அந்த ஆறில் ஒரு நீலக் குர்தாவைப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு கடைக்கு வந்தாள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. பெஞ்சில் எங்கள் எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா, புடவைக்கு ஃபால்ஸ் வைக்கக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். இவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பால் கொடுத்தாள். அந்த அம்மா பத்து நிமிடம் கழித்து, "மகு ஒள்ளே நித்தெ மாட்தாயிதெ" என்றார். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று அர்த்தம். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினோம். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே தெரியவில்லை! அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

அப்புறம் மூன்று மாதம் அவள் வரவில்லை.

திரும்ப வந்தது ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, கையில் பையோடு வந்தாள். அன்றும் கன்னடத்து அம்மா பெஞ்சில் இருந்தார். இவள் யாரையும் பார்க்கவில்லை. பையை மேசைமேல் வைத்தாள். அதே ஆறு குர்தா, அதே ரவிக்கை, மடித்து அடுக்கியிருந்தது. மேலே நான்காக மடித்த சீட்டு. அதை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

நான் கண்ணாடியை மாட்டினேன். தூரத்தில் பிடித்தேன். கிட்டத்தில் பிடித்தேன். உதட்டை அசைத்தேன். தலையை ஆட்டினேன். சீட்டை மடித்துக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டியதும் ஒரு பெரிய மூச்சு விட்டாள். கிளம்பத் திரும்பினாள்.

"இரு, எங்க ஓடற? சீட்டு கிடக்கட்டும். வாயால ஒருதரம் சொல்லு."

"எழுதியிருக்கேன் ஆன்ட்டி."

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும். எனக்கு வாயால சொல்லணும்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஜிப்பெல்லாம் எடுத்துட்டு... தெச்சு மூடிடுங்க."

"இன்னாத்துக்கு?"

அவள் குனிந்தபடியே பையை என் பக்கம் தள்ளினாள். துப்பட்டா நகர்ந்ததில் பார்த்தேன், அவள் சட்டை மார்பில் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் உழைப்பு வேறு. நாக்கு முந்திக்கொண்டது.

"அஞ்சு மாசம்தானேடி ஆவுது? பால் இப்படி வழியுது, அதுக்குள்ள நிறுத்திட்டியா? ஆபீஸும் ஸ்டைலும் பெருசாப் போச்சு, புள்ள பெருசில்ல? இன்னாத்துக்கு மூடணும், அதைச் சொல்லு, அப்புறம் துணியைத் தொடறேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை. கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்த சீட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"பாப்பா இல்ல ஆன்ட்டி" என்றாள். "செத்துட்டா."

அதற்கு மேல் நிற்கவில்லை. போய்விட்டாள். மிஷினில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கன்னடத்து அம்மாவுக்குத் தமிழ் புரியும். எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சீட்டி ஓத்லில்வா நீவு?" என்றார். சீட்டை நீங்கள் படிக்கவில்லையா?

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணாடி பவர் மாறிப்போச்சு" என்றேன்.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சீட்டைப் பிரித்தேன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அவள் எனக்காகவே தமிழில், பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தாள்.

"ஆன்ட்டி, பாப்பா தவறிட்டா. திங்கட்கிழமை ஆபீஸ் போறேன். ஜிப் எல்லாம் எடுத்துட்டு மூடிடுங்க. வாயால சொல்ல என்னால முடியல. அதான் எழுதிக் கொண்டுவந்தேன். தயவுசெஞ்சு எதுவும் கேக்காதீங்க."

நான் தலையாட்டியதும் அவள் விட்ட மூச்சுக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஆன்ட்டி படித்துவிட்டாள், இனி சொல்ல வேண்டாம் என்ற மூச்சு அது. அவள் கணக்கில் நான் எல்லாம் தெரிந்தவள். தெரிந்துகொண்டே நாலு பேர் முன்னால் வாயால் சொல்லச் சொன்னவள். பிள்ளை பெரிதில்லையா என்று கேட்டவள்.

இரண்டு நாள் தைத்தேன். வைத்தது பத்து நாள், எடுத்தது இரண்டு நாள். ஒவ்வொரு ஜிப்பாகப் பிரித்து, மல் துணியை எடுத்து, பழைய தையல் ஓடிய தடத்திலேயே மறுபடி ஓட்டினேன். கடைசியில் நீலக் குர்தா. அதை மட்டும் அவள் துவைத்திருக்கவில்லை. பால் வாடை அடித்தது. உள்பக்கம் திருப்பினேன். இடப்பக்கத்து வளையத்தில் ஊக்கு மாட்டியிருந்தது.

அடுத்து வலப்பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

ஊக்கைக் கழற்றாமல் அந்தப் பக்கத்தை மூட முடியாது. கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தைத்து முடித்து, வளையத்தை வெட்டாமல், ஊக்கை அதே இடத்தில் மாட்டினேன். செய்வது சரியா தப்பா என்று தெரியவில்லை. துணியைத் துவைக்கவும் இல்லை.

துணியை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வரலாம் என்றும் நினைத்தேன். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் கேட்கிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? ஈரமில்லாதவள் என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும், எழுத்து தெரியாதவள் என்று மட்டும் தெரியக் கூடாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க என் மனசு இந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பையை எடுத்துக்கொண்டு போனேன். அவளே கதவைத் திறந்தாள். ஹாலில் தொட்டில் தொங்கிய கொக்கி மட்டும் கூரையில் இருந்தது. நான் உட்காரவில்லை.

"எனக்குப் படிக்க வராதும்மா" என்றேன். "உன் சீட்டை நான் படிக்கல. படிச்ச மாதிரி தலையாட்டினேன். நீ போனப்புறம்தான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "கண்ணாடி போட்டீங்களே ஆன்ட்டி?"

"சும்மா போட்டேன். முப்பது வருஷமா சும்மாதான் போடறேன்."

ஒரு நொடி அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. வந்த வேகத்தில் உடைந்தது. "தெரிஞ்சே கேட்டீங்கன்னு நெனச்சேன். மூணு நாளா அதையே நெனச்சிட்டிருந்தேன். பாப்பாவை நெனைக்கறதை விட்டுட்டு உங்களை நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதாள். என்னால் அவளைத் தொட முடியவில்லை. பையை நீட்டினேன். மேலே இருந்த நீலக் குர்தாவை எடுத்து, மூடின தையல்மேல் விரலை ஓட்டினாள். உள்ளே கையை விட்டு ஊக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இடது பக்கம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்று அவள் எழுதியிருந்தாள்.

அதன்பிறகு அவள் கடைக்கு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நீலக் குர்தா. தையல் போட்ட இடம் யாருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தம். வெளியே தெரியாமல் தைத்துவிட்டோமே என்று அன்று எனக்குப் பெருமை வரவில்லை. அவள் தூரத்திலிருந்து தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன். படித்தது போல ஆட்டுகிற தலையாட்டல் இல்லை அது.

இப்போது யாராவது சீட்டை நீட்டினால், "எனக்குப் படிக்க வராது. சாயங்காலம் மருமகளைப் படிக்கச் சொல்றேன், நீ போய்ட்டு வா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசத்தான் செய்கிறது, அந்தக் கூச்சம் நான் இருக்கும்வரை போகாமல் இருக்கட்டும்.