முதலாம் பேஸின் வெள்ளி மட்டை

எங்கட வீட்டு முன் ஹோலில, யேசுவின்ர திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில, பந்தடிக்கிற மட்டை ஒண்டு தொங்குது. வெள்ளி நிறம். வீட்டுக்கு வாற சனம் முதல் படத்தைப் பாத்துக் கும்பிடும், பிறகு மட்டையைப் பாக்கும், பிறகு என்னைப் பாக்கும். கள்ளருக்குப் பயந்தோ வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டவையும் இருக்கினம். இல்லை, இது நான் அடிச்சு வாங்கினது எண்டு சொன்னால், இந்த வயசிலயோ எண்டு அடுத்த கேள்வி வரும். ஓம், இந்த வயசிலதான். தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் இருந்து கேளுங்கோ எண்டு கதிரையைக் காட்டுவன்.

அமெரிக்காவில பேஸ்போல் விளையாடுற பெரிய ரீமுகளுக்குள்ள வருஷா வருஷம் ஒரு பரிசு இருக்கு. ஒவ்வொரு இடத்தில நிக்கிறவைக்குள்ளயும் ஆர் திறமா அடிச்சது எண்டு பாத்து, அவருக்கு வெள்ளி பூசின மட்டை குடுப்பினம். அடிச்சவர் சுத்தி ஓட நாலு மூலை இருக்கு, அதைத்தான் பேஸ் எண்டுறது; அதில முதலாம் பேஸில காவல் நிக்கிறவருக்குக் குடுக்கிற மட்டைக்குத்தான் கடும் போட்டி. ஏனெண்டால் அந்த இடத்தில அதிகம் ஓடத் தேவையில்லை. அதால உடம்பு பெருத்த, அடிச்சால் பந்து அடுத்த ஊருக்குப் போற மலைமாடுகளைத்தான் அங்கை நிப்பாட்டுவினம். வோட்டுப் போடுறது ரீமுகளை நடத்துறவையும் பயிற்சியாளர்மாரும். தங்கட சொந்த ரீம் ஆளுக்குப் போட ஏலாது. அதாவது உன்னால தோத்தவன்தான் உன்னை மெச்ச வேணும். இந்த விதியைக் கேட்ட நாள் தொட்டு எனக்கு அந்தப் பரிசில ஒரு பைத்தியம். குளிர் தொடங்கினால் மற்றப் பொம்பிளையள் ஜக்கெற் தேடுவினம், நான் இந்த முறை முதலாம் பேஸ் மட்டை ஆருக்கு எண்டு போனில தேடுவன்.

எங்கட லீக் அமெரிக்கா இல்லை. வடமேற்கு லண்டனில ஒரு பார்க், சனிக்கிழமையளில சொப்ட்போல். பேஸ்போலின்ர தங்கச்சி எண்டு வையுங்கோ. பந்து கொஞ்சம் பெரிசு, கீழ்க்கையால எறியிறது, ஆணும் பெண்ணும் சரிபாதி நிக்க வேணும். அமெரிக்காக்காரற்ற வெள்ளி மட்டைப் பழக்கத்தை அப்பிடியே கொப்பியடிச்சிருக்கினம், ஆனால் முதலாம் பேஸுக்கு மட்டும். மிச்ச இடத்துக்காரருக்குக் கைதட்டல். ஒரே பழைய மர மட்டைதான், வருஷா வருஷம் கடைசி ஆட்டத்துக்கு முந்தி ஆற்றையோ கராஜில புதுசாக் கார் பெயின்ற் அடிச்சு வரும்.

என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டவ எங்கட கப்டன். ஈப்போக்காரி. மலேசியாவில பள்ளிக்கூடக் காலத்தில இருந்தே சொப்ட்போல் விளையாடினவ, இஞ்சை படிக்க வந்து இஞ்சையே நிண்டிட்டா. ஆஸ்பத்திரியில அப்பொயின்ற்மென்ற் பகுதியில எனக்குப் பக்கத்து மேசை. ஒரு வெள்ளிக்கிழமை, ரீமுக்கு ஒரு பொம்பிளை குறையுது, சும்மா வந்து நில்லுங்கக்கா, பந்து வந்தா பிடிங்க, அவ்வளவுதான்லா எண்டு கெஞ்சினா. எனக்கு அப்ப ஐம்பது கிட்ட. என்ன விசரோ தெரியாது, ஓமெண்டிட்டன்.

முதலாம் பேஸில நிப்பாட்டினா. அடிச்சவர் ஓடிவந்து அந்தப் பேஸைத் தொட முந்தி, மற்றவை எறியிற பந்தை நான் பேஸில காலை வைச்சபடி பிடிச்சால் அவர் அவுட். விளங்கிச்சுது எண்டு தலையாட்டினன். ஆனால் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட ரீமில நான் எல்லே விளையாடின ஆள். எல்லேயும் பந்தைப் பொல்லால அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடுற விளையாட்டுத்தான். அதில ஓடுறவருக்குப் பந்தால எறிவம், பட்டால் அவுட். புது விதி மண்டைக்குள்ள ஏறிச்சு, கைக்குள்ள ஏறேல்லை.

எதிர் ரீம் கப்டன் ஒரு பிளம்பர், ஆறடிக்கு மேல, கதவு நிலையில குனிஞ்சு வாற ஆள். அவரும் தங்கட ரீமுக்கு முதலாம் பேஸ்காரர், வெள்ளி மட்டையை வருஷக்கணக்கா வீட்டில வைச்சிருக்கிறவர். எனக்கு அண்டைக்கு அதொண்டும் தெரியாது. அந்தாள் அடிச்சுப்போட்டு என்னைத் தாண்டி ரெண்டாம் பேஸுக்கு ஓடுது, பந்து என்ர கையில. விடுவனோ? குறி பாத்து ஒரு எறி. நடு முதுகில டொம் எண்டு விழுந்தது. நான் ரெண்டு கையையும் தூக்கி அவுட் எண்டு கத்தினன். முழுப் பார்க்கும் சிரிச்சுது. எங்கட கப்டன் புல்லில குந்தி இருந்து சிரிச்ச சிரிப்பில கண்ணால தண்ணி ஓடுது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓட, மனுசன் முதுகைத் தடவியபடி நல்ல எறி எண்டு சொல்லிச்சுது.

பிடிக்கிறது கெதியாப் பழகிட்டன். அடிக்கப் போனால்தான் எனக்கு இரத்தம் கொதிக்கும். பொம்பிளை ஒருத்தி மட்டையோட வந்தால், தூரத்தில காவல் நிக்கிற ஆம்பிளையள் எல்லாரும் தாங்களாகவே கிட்ட நடந்து வருவினம். ஆரும் கூப்பிடத் தேவையில்லை. இவள் அடிச்சு எங்கை போகப்போகுது எண்ட நடை. ஒருத்தன் தண்ணிப் போத்திலையும் குடிச்சுக்கொண்டு வந்தவன். என்ர பந்தும் போய் மடையன் மாதிரி அவையின்ர கையிலயே விழும். எனக்குப் பிறகு ஒரு ஆம்பிளை வந்தால் எல்லாரும் மரியாதையாப் பின்னுக்குப் போவினம். அதைப் பாக்கிற ஒவ்வொரு தரமும் வயிறெரியும்.

மூண்டாவது கோடை தொடங்கேக்க எனக்கு உள்ளுக்குள்ள ஒண்டு முடிவாச்சு. எனக்கு அந்த வெள்ளி மட்டை வேணும். மத்தியானம் சாப்பிடேக்க கப்டனுக்குச் சொன்னன். அவ கரண்டியைக் கீழ வைச்சிட்டு, அது தூக்கி அடிக்கிறவங்களுக்குத்தாங்கக்கா போகும், பொம்பிளை ஒருத்தரும் இதுவரைக்கும் வாங்கினதில்லை எண்டா. வீட்டில இவருக்குச் சொன்னன். இவருக்கு வெம்பிளியில மரக்கறிக் கடை. வெங்காயப் பெட்டி இறக்கின களைப்பில இருந்த மனுசன், "வாங்கி எங்கையப்பா வைக்கப்போறீர், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலயோ?" எண்டு கேட்டார். எனக்கு வந்த கோவத்தில, ஓம், அங்கைதான் மாட்டுவன், ஆணியும் நீங்கள்தான் அடிப்பியள் எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாப் பிறகு பின்வாங்கிற வழக்கம் எங்கட பக்கத்தில இல்லை.

அடிக்கிறதில என்ர பிழையைக் கப்டன் கண்டு பிடிச்சுச் சொன்னா. நான் மேல இருந்து கீழ விறகு கொத்திற மாதிரி வெட்டுறன், பந்து நிலத்தோட போகுது. கீழ இருந்து மேல தூக்க வேணும், மணிக்கட்டை இறுக்கக் கூடாது. இதைப் பழக ஆரோ எனக்குப் பந்து எறிய வேணுமே. ஞாயிறு பூசை முடிய, கோயில் உடுப்போடயே இவரை ரெய்னர்ஸ் லேன் பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனன். என்னட்டை இருந்தது ஒரே ஒரு பந்து. ஒவ்வொரு அடிக்கும் அதை எடுக்க ஓடி மனுசனுக்கு மூச்சு வாங்கிச்சு. அடுத்த ஞாயிறு கடையில விக்க ஏலாத கிழங்கு, முத்தின பீற்றூட் எல்லாம் ஒரு பையில போட்டுக்கொண்டு வந்திட்டார். எறிஞ்சால் பொறுக்கத் தேவையில்லையாம். நல்ல யோசனைதான். ஆனால் நான் தூக்கி அடிச்ச முதல் பீற்றூட் சிதறி அவற்ற வெள்ளைச் சேர்ட் முழுக்கச் சிவப்பு. அந்த நேரம் பாத்து எங்கட கோயில் பங்குச் சனம் ரெண்டு பேர் அந்த வழியால வந்தினம். கையில பொல்லோட நான், முன்னால சிவப்பா இவர். அண்டைக்குப் பின்னேரத்துக்கிடையில மூண்டு பேர் போன் எடுத்து, வீட்டில எல்லாம் சுகமோ எண்டு விசாரிச்சினம்.

சிரிக்கிறவை சிரிக்கட்டும். கோடை நடுவில ஒரு சனிக்கிழமை, வழமை போல ஆம்பிளையள் கிட்ட நடந்து வர, நான் அடிச்ச பந்து அவையின்ர தலைக்கு மேலால போச்சு. எல்லாரும் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிக்க, பந்து உருண்டு ரெனிஸ் கோட் வேலியில போய் நிண்டுது. நான் எல்லாப் பேஸையும் சுத்தி ஓடி வந்து புல்லில விழுந்து படுத்தன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அதுக்குப் பிறகு கிழமைக்குக் கிழமை பந்து பறந்தது. எண்டாலும் அடுத்த ரீம், அதுக்கடுத்த ரீம் எண்டு புது ஆம்பிளையள் அதே நடை நடந்து வருவினம். கண்ணால கண்டாலும் நம்ப மாட்டினம்.

கடைசி ஆட்டம் பிளம்பரின்ர ரீமோட. இவர் கடையை வேலைக்கு நிக்கிற பொடியனிட்டை விட்டிட்டு முதல் தரமா வந்து, கதிரை போட்டு இருக்கிறார். முடிவுக் கட்டத்தில நாங்கள் ஒரு ஓட்டம் பின்னுக்கு. எங்கட ஆக்கள் ரெண்டு பேர் பேஸில நிக்கினம். இன்னும் ஒருத்தர் அவுட்டானால் எல்லாம் முடிஞ்சுது. மட்டையோட போறது நான். தூரத்தில நிண்ட ஆம்பிளையள் பழக்கத்தில கிட்ட நடக்கத் தொடங்கிச்சினம்.

அப்பதான் முதலாம் பேஸில நிண்ட பிளம்பர் கையைத் தூக்கி வீசிக் கத்தினார். "பின்னுக்குப் போங்கோ! எல்லாரும் பின்னுக்கு!"

நிண்டவை திரும்பிப் பாத்திச்சினம், பகிடியோ எண்டு. அவர் திருப்பியும் கத்தினார். ஒவ்வொருத்தரா, என்னைப் பாத்தபடியே, பின்னுக்கு நடந்தினம். மரங்களடிக்குப் போற வரைக்கும் நடந்தினம். மூண்டு வருஷமா நான் பாக்க ஆசைப்பட்டது இதைத்தான். ஆம்பிளையள் எனக்காகப் பின்னுக்கு நடந்ததை எங்கட அம்மா பாத்திருக்க வேணும்.

ஆனால் நான் யாழ்ப்பாணத்துக்காரி. அவை அங்கை போனால் இஞ்சை இடம் காலி. பந்தைப் பெரிசாத் தூக்காமல், பழைய எல்லேயில தட்டுற மாதிரி மெல்லத் தட்டிவிட்டன். பந்து பேஸுகளடியில நிக்கிறவையின்ர தலைக்கு மேலால சின்னனாப் போய், வெறும் புல்லில மெத்தெண்டு விழுந்தது. தூரத்தில நிண்டவை ஓடி வந்து எடுக்கிறதுக்கிடையில எங்கட ரெண்டு பேரும் வந்து சேந்தாச்சு. வெண்டிட்டம். நான் முதலாம் பேஸில மூச்சு வாங்கிக்கொண்டு பிளம்பருக்குப் பக்கத்தில நிக்கிறன். அந்தாள் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பாத்துத் தலையாட்டிச்சுது.

வோட்டெடுப்பு அண்டு பின்னேரம் பப்பில. எங்கட லீக்கில ரகசியமில்லை, ஒவ்வொரு கப்டனா எழும்பி நிண்டு பேர் சொல்ல வேணும். சொந்த ரீம் ஆளைச் சொல்லக் கூடாது. இதில ஒரு கள்ளம் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். தானே போட்டியில நிக்கிற கப்டன்மார், தங்களோட போட்டியில்லாத, அடிக்கத் தெரியாத ஏதோ ஒரு சோத்தியைச் சொல்லி வோட்டை வீணாக்குவினம். அண்டைக்குக் கடைசியா மிச்சம் இருந்தது எங்கட கப்டனும் பிளம்பரும். நான் பிளம்பரை விட ஒரு வோட்டு முன்னுக்கு.

எங்கட கப்டன் எழும்பினா. ஆரையாவது சோத்தியைச் சொல்லு பிள்ளை எண்டு இடுப்பில நுள்ளினன். அவ பிளம்பரின்ர பேரைச் சொன்னா. சொல்லிப்போட்டு என்ர பக்கம் குனிஞ்சு, "உங்களுக்கு அடுத்து நல்லா அடிச்சது அவர்தாங்கக்கா, நான் என்ன செய்ய" எண்டா. எனக்கு அவவை அந்த இடத்திலயே கடிச்சுத் தின்னலாம் போல இருந்தது. பக்கத்து மேசையில இருந்து பழகின சிநேகிதி! இப்ப ரெண்டு பேரும் சரிசமன், மிச்சம் அவற்ற வோட்டு. அவர் ஒரு சோத்தியைச் சொன்னால், சமன் எண்டு வந்தால் மட்டை பழைய ஆளிட்டையே இருக்கும். அதுதான் விதி. இவர் தோடம்பழச் சாற்றுக் கிளாஸை வைச்ச இடம் தெரியாமல் தேடுறார்.

பிளம்பர் எழும்பி நிண்டார். எங்கட கப்டனை ஒருக்காப் பாத்தார், பிறகு என்னை. "இவ என்ர முதுகுக்கு எறிஞ்ச அண்டைக்கு நாங்கள் எல்லாரும் சிரிச்சம்," எண்டார். "இண்டைக்கு என்ர ஆக்களைப் பின்னுக்குப் போகச் சொல்லிக் கத்தினது நான். பிறகு வேற பேரை எப்பிடிச் சொல்லுறது? என்ர வோட்டு இவவுக்கு."

நான் அழுதன். ஒளிக்க என்ன இருக்கு, நல்லா விக்கி விக்கி அழுதன். கப்டன் என்னைக் கட்டிப் பிடிக்க, அவவின்ர தோளில ஒரு அடியும் வைச்சிட்டு அழுதன். பழைய ஆள்தான் புது ஆளிட்டை மட்டையைக் குடுக்கிறது வழக்கம். பிளம்பர் நீட்டிப்போட்டு, நான் வாங்கின உடன முதுகைச் சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டார். பப் முழுக்கச் சிரிப்பு.

பெயின்ற் சரியாக் காயேல்லை. வீட்டுக்கு வரும் வரைக்கும் நான் அதை விடாமல் இறுக்கிப் பிடிச்சிருந்ததில, ரெண்டு உள்ளங்கையும் வெள்ளி. இவர் உடுப்புக்கூட மாத்தாமல் ஆணியும் சுத்தியலும் தேடி எடுத்தார். நான் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சன், போகேல்லை. உண்மையைச் சொன்னால், பெரிசாத் தேய்க்கேல்லை.

விடிய ஞாயிறு. பூசையில நற்கருணை அப்பம் வாங்கப் போய் ரெண்டு கையையும் விரிச்சன். ஃபாதர் அப்பத்தைத் தூக்கின கையோட அப்பிடியே நிண்டிட்டார், என்ர உள்ளங்கையைப் பாத்துக்கொண்டு. எனக்குப் பின்னால வரிசையில நிண்ட இவர், முழுக் கோயிலுக்கும் கேக்கச் சொன்னார்: "முதலாம் பேஸ், ஃபாதர். அடிச்சு வாங்கினது."